அரைக்கட்டை இறக்கி

கும்மிடிப்பூண்டி,
9 ஜூன் 2025

கல்பனாவுக்கு,

ஜெரால்ட் எழுதுகிறேன். சில்வர் டோன் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். நாலு வருஷம் மேடையில் உன் இடது பக்கம் நின்றவனை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் நல்லது என்று எனக்கு ஒரு நப்பாசை.

பிளஸ் டூவில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். உன் நம்பருக்குப் போட்டால் அப்படி ஒரு நம்பரே கிடையாது என்கிறது. வாட்ஸாப் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். வீட்டு முகவரிக்கு அனுப்பினால் யார் கையில் கிடைக்குமோ என்று பயந்து, நீ வேலை செய்யும் நர்சரிப் பள்ளிக்கு அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விட்டால் சுற்றிக்கொண்டே இருப்பேன். உங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு இந்த வருஷமும் நம் குழுவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் எட்டு, நாலாம் வெள்ளி. அன்புசெல்வன் போனில் பேசி முடித்துவிட்டு, கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "கமிட்டில ஒரே ஒரு கண்டிசன் ஜெரால்ட்டு. போன வருசம் பாடுன அவுங்க ஊட்டு மருமவ வேணாமாம். வேற பொண்ணா இட்டுக்கினு வரச் சொல்றாங்க." அப்படிச் சொன்னது கமிட்டித் தலைவர். உன் மாமனார் துளசிராமன் ஐயாதான்.

உன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மேடையில் வேறொரு பெண் பாடுவாள், நீ உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாய், அவளுக்கு நான் வாசிப்பேன். இதை நினைக்கவே முடியவில்லை.

கல்பனா, போன ஆடியில் உன் பாட்டு கெட்டது உன்னால் இல்லை. என்னால்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மேடை ஏறுவதற்கு முன்னால் நீ என்னிடமும் அன்புசெல்வனிடமும் வந்தாய். குழந்தை பிறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, சரணத்தில் மேலே போகிற இடம் எட்டுமோ எட்டாதோ, சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசியுங்கள் என்று கேட்டாய். அவனுக்கு அது ஒரு பட்டன். தட்டிவிட்டால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் இறங்கி வரும். கையை இடம் மாற்றி வாசிக்க வேண்டியவன் குழுவில் நான் ஒருவன்தான். நான் மறந்துவிட்டேன். பழைய சுருதியிலேயே வாசித்தேன். நீ ஒரு வரி என்னைப் பிடித்தாய், மறு வரி கீபோர்டைப் பிடித்தாய். நடந்தது அவ்வளவுதான்.

கேட்டவர்களுக்கு பேஸ் தப்பு என்று தெரியாது. பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் எதிர்வீட்டு காயத்ரி எடுத்த வீடியோ எங்கள் குழுவுக்கும் வந்தது. செல்போன் ஸ்பீக்கரில் என் சத்தம் துளிகூட வராது. உன் குரல் தடுமாறுவது மட்டும்தான் கேட்கும். ஆனால் சவுண்ட் அந்தோணி மிக்ஸரிலிருந்து தனியாகப் பதிவு செய்தது என்னிடம் இருக்கிறது. அதில் எல்லாம் தெளிவாக இருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பத்து மாதம் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்துவிட்டேன்.

ஜெரால்ட்



பொதட்டூர்பேட்டை,
17 ஜூன் 2025

திரு. ஜெரால்ட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. "யாரும்மா இந்தக் காலத்துல லெட்டர் போடறது?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் ஹெச்.எம். கொடுத்தார். முன்பு வேலை செய்த இடத்திலிருந்து என்றேன்.

புது நம்பர் தர மாட்டேன். போனில் பேசினால் என் குரல் உடையும். அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு இல்லை. எழுதுவதானால் பள்ளிக்கே எழுதுங்கள்.

பத்து மாதம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். அதற்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன். பாட்டுக்காரி என்று தெரிந்தே இந்த வீட்டில் என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் மாமனார் அதுவரை என் பாட்டைக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷம் கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் கணவர் பேசிப் பேசித்தான், "சரி, நம்ம தெருவுலயே ஒருவாட்டி பாடட்டும், பாக்கலாம்" என்றார். திருத்தணியிலிருந்து சொந்தக்காரர்களை வரவழைத்தார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் பல்லவியை முடிப்பதற்குள் "ஜெனரேட்டர பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டார். போனவர் திரும்பி வரவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது மாமனார் பெருந்தன்மையாகச் சொன்னார்: "வுடும்மா, புள்ள பெத்த ஒடம்பு. மூச்சு நிக்கல. நீ இன்னா பண்ணுவ." யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, அந்த வாரம் தெருவே அதைச் சொன்னது. கடைக்குப் போனால் கேட்டேன், குழாயடியில் கேட்டேன். கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு ரைம்ஸ் பாட வேண்டும். நான் பாடுவதில்லை. செல்போனில் போட்டுவிட்டுக் கையை மட்டும் ஆட்டுகிறேன். மூன்று வயதுப் பிள்ளைகள் முன்னால் வாயைத் திறக்க எனக்குப் பயம். உங்களுக்குப் புரிகிறதா?

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். "மறந்துவிட்டேன்" என்ற இடத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை கேட்டார் என்று, ஒத்திகையே பார்க்காத பாட்டை அன்பு அண்ணன் இரண்டு கட்டை ஏற்றிப் போட்டார். உங்கள் கை தானாக ஏறியது. நான் திரும்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு அரைக்கட்டை மறந்ததா?

முழுதாகச் சொல்வதானால் எழுதுங்கள். பாதிக்கு எனக்கு நேரமில்லை.

கல்பனா



கும்மிடிப்பூண்டி,
23 ஜூன் 2025

கல்பனா,

நீ கேட்டது சரி. மறக்கவில்லை.

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து, மெர்சி சமையல்கட்டில் இருக்கும்போது எழுதுவேன், அவள் வந்தால் மூடி வைப்பேன். அவளுக்கும் இன்னும் எதுவும் தெரியாது.

அந்தப் பாட்டு ஆரம்பிக்கும்போது எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, பேஸ் தனியாக வரும். பதினாறு செகண்டு. மூன்று மணி நேரக் கச்சேரியில் இப்படி ஒருவன் மேடையில் இருக்கிறான் என்று ஊருக்குத் தெரிகிற நேரம் அது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கும் ஆள் நான். கல்யாண வீடுகளில் "உன்து வேலை செய்யுதா, இல்ல சும்மாவா?" என்று கேட்டிருக்கிறார்கள். நீயும் கேட்டுச் சிரித்திருக்கிறாய்.

அந்தப் பதினாறு செகண்டு, தடித்த கம்பியை எங்கும் அழுத்தாமல் சும்மா விட்டால் வருகிற நோட்டில் போய் நிற்கும். அது விழும்போது மேடைப் பலகை அதிரும். அரைக்கட்டை இறக்கினால் அந்த நோட்டே என் கிட்டாரில் கிடையாது, மேலே எங்கோ போய் மொண்ணையாக வாசிக்க வேண்டும். கம்பியைத் தளர்த்திக்கொண்டிருக்கலாம், ஒரு நிமிட வேலை. அடுத்த பாட்டுக்குத் திரும்ப முறுக்க வேண்டுமே என்று சோம்பல்.

அதனால் நீ கேட்டபோது தலையை ஆட்டிவிட்டு, மனசுக்குள் வேறு கணக்குப் போட்டேன். முன்னிசையைப் பழைய சுருதியில் வாசித்துவிடலாம், நீ வாயைத் திறக்கும்போது இறங்கிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது. நீ அந்த முன்னிசையிலிருந்துதான் சுருதி எடுப்பாய் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டேன்.

முன்னிசை முடிந்ததும் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். எனக்கு. பதினொரு வருஷத்தில் எனக்கென்று வந்த முதல் விசில். அந்தக் குஷியில் கை இறங்கவில்லை.

இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு விரல் தூரம் கையை நகர்த்தியிருந்தால் போதும். ஆனால் திடீரென்று நகர்த்தினால், அதுவரை தப்பாக வாசித்தவன் நான்தான் என்று அன்புசெல்வனுக்குத் தெரிந்துவிடும். அதனால் கிட்டாரில் இருக்கிற வால்யூம் திருகை மெல்ல மெல்லக் குறைத்தேன். பல்லவி முடிவதற்குள் என் சத்தமே இல்லை. கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. உன்னைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் கழன்றுகொண்டேன். நீ தனியாகத் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் யோசித்தேன்.

கச்சேரி முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது அன்புசெல்வன் என்னிடம் கேட்டான்: "இன்னாடா ஆச்சு கல்பனாவுக்கு?" பக்கத்தில் உங்கள் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் பணம் கொடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "புள்ள பெத்த ஒடம்பு, மூச்சு நிக்கல."

யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது என்று எழுதியிருந்தாய். நான்தான்.

பதிவை மெமரி கார்டில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஹெட்போனில் கேள். இனி நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

ஜெரால்ட்



பொதட்டூர்பேட்டை,
2 ஜூலை 2025

திரு. ஜெரால்ட் அவர்களுக்கு,

கார்டை மூன்று நாள் தொடவில்லை. நாலாம் நாள் பள்ளி விட்ட பிறகு, வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

எனக்கு மூச்சு நன்றாகத்தான் நின்றிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்து வரைக்கும் மூச்சு இருக்கிறது. நீங்கள் என் பக்கத்தில் இருந்தீர்கள். உங்களுக்கு அது அப்போதே கேட்டிருக்கும்.

வாசித்தது தப்பு. அதை நான் மன்னித்துவிடலாம். மேடையில் யாருக்கும் நடக்கும். பயந்து சத்தத்தைக் குறைத்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம். ஆனால் கீழே இறங்கிய பிறகு, யாரும் உங்களைக் குற்றம் சொல்லாதபோது, நீங்களாகத் தேடிப்பிடித்து என் உடம்பைக் காரணமாக எடுத்துக்கொடுத்தீர்கள். என் வளைகாப்புக்கு மெர்சி அக்காவும் நீங்களும் வந்து வளையல் போட்டீர்கள். அது ஞாபகம் வந்ததா அப்போது?

இந்தப் பதிவை மாமனாரிடம் நான் கொண்டுபோய்க் காட்ட மாட்டேன். நான் காட்டினால் அது சாக்கு. நீங்கள் நேரில் வந்து அவரிடம் சொல்ல வேண்டும். பிறகு திருவிழா அன்று அதே மேடையில், அதே மைக்கில் ஊருக்குச் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதினீர்கள். இதைச் செய்யுங்கள்.

கல்பனா



கும்மிடிப்பூண்டி,
14 ஜூலை 2025

கல்பனா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ உள்ளே இருந்தாய் என்று நினைக்கிறேன், குழந்தை சிணுங்குவது கேட்டது. எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஊத்துக்கோட்டை வழியாக வண்டியில் வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உங்கள் தெருமுனைக்கு வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. எங்கப்பா ஊர் ஊராக இந்த மாதிரி வீட்டு வயல்களில் கூலிக்கு அறுப்பு அறுத்தவர். பெரிய வீட்டு வாசல் என்றால் எனக்கு இன்னும் நாக்கு உள்ளே போய்விடும். உன் மாமனார் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். வாசலில் நாற்காலி போட்டார், மோர் கொடுக்கச் சொன்னார்.

"ஐயா, போன வருசம் கல்பனா பாடுனதுல தப்பே இல்லீங்க. நான் வாசிச்சதுதான் தப்பு" என்றேன்.

"நீ இன்னா வாசிக்கிற?"

"பேஸ் கிட்டாருங்க."

"அந்த நீட்டுக் கழுத்தா? அதுல சத்தமே வர்லியேபா. ஜோடனைக்கு மாட்டிக்கினு நிக்கிறன்னுல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்."

சுருதி, அரைக்கட்டை, பட்டன் எல்லாம் விளக்கினேன். எனக்கே புரியாத மாதிரி விளக்கினேன். அவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது சரி. எம் மருமவளுக்காவ நீ எதுக்கு கும்மிடிப்பூண்டிலேர்ந்து வண்டி ஓட்டிக்கினு வர்ற? அவ சொல்லி அனுப்ச்சாளா?"

அந்தக் கேள்வி வேறு மாதிரி இருந்தது. உனக்கு ஏதாவது பேஜாராகிவிடுமோ என்று, "இல்லீங்க, நானா வந்தேன்" என்றேன். உண்மை சொல்ல வந்த இடத்திலும் ஒரு பொய். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருவள்ளூர் வரைக்கும் எங்கே போகிறேன் என்றே தெரியாமல் போய், அங்கிருந்து திரும்பினேன். நன்மை செய்ய வந்து இன்னும் கெடுத்துவிட்டேனா?

அன்புசெல்வனிடமும் மெர்சியிடமும் சொல்லிவிட்டேன். அவன் கையில் இருந்த வயரைக் கீழே எறிந்தான். "ஆடி புரோகிராமுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன், அது வரைக்கும் நில்லு. அதுக்கப்புறம் நீ எனக்கு வேணாம்" என்றான். மெர்சி இரண்டு நாளாக அவள் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நேற்று மட்டும் ஒரு வார்த்தை: "அந்தப் பொண்ணு நம்ம ஊட்டுல வந்து சாப்ட்டுக்கிறா. நெனப்பு இருக்கா உனக்கு?"

ஜெரால்ட்



பொதட்டூர்பேட்டை,
22 ஜூலை 2025

திரு. ஜெரால்ட் அவர்களுக்கு,

எல்லாம் காதில் விழுந்தது. நீங்கள் போனதும் மாமனார் என்னைக் கூப்பிட்டார். "நீ சொல்லி அனுப்ச்சியா?" என்றார். ஆமாம் மாமா என்றேன். "அப்ப அவன் எதுக்கு இல்லன்றான்?" "பயந்துட்டாரு" என்றேன். என் கணவரும் அங்கேதான் இருந்தார். உங்கள் இரண்டு கடிதங்களையும் அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். எனக்கு மறைக்க எதுவும் இல்லை, பொய் சொல்லி என்னைக் காப்பாற்ற யாரும் தேவையில்லை. இனிமேல் அந்த உதவி வேண்டாம்.

பதிவை நானாகக் காட்ட மாட்டேன் என்றிருந்தேன். இப்போது அவரே கேட்டார். செல்போனில் போட்டேன். "பழைய மாதிரிதான கீது?" என்றார். பிறகு என் கணவருக்குத்தான் தோன்றியது. எங்கள் டிராக்டரில் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி ஸ்பீக்கர் இருக்கிறது. உழவு ஓட்டும்போது பாட்டுப் போட்டால் நாலு வயல் தாண்டி அதிரும். கார்டை அதில் சொருகினோம்.

மாமனார் டிராக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். "இது இன்னா, நடுவுல ஒண்ணு உறுமிக்கினு கீது?" அதுதான் மாமா என்றேன். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு, "சனியன், உன்ன வழிமறிச்சிக்கினே போவுது" என்றார். கொஞ்ச நேரம் டிராக்டர் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டினார்.

"அன்னிக்கு ஜெனரேட்டரு நல்லாத்தாம்மா ஓடிக்கினு இருந்திச்சு" என்றார்.

எனக்கு அன்று அழுகை வந்தது. உங்கள் கடிதம் எதற்கும் வராத அழுகை.

மாமனார் கமிட்டியில் சண்டை போட்டு எனக்கு ஒரு பாட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒன்றுதான், மீதியெல்லாம் புதுப் பெண் பாடுவாள். இந்த முறையும் தடுமாறினால் அவர் சொன்னதை ஊர் கேட்காது, நானும் இனி வாயைத் திறக்க மாட்டேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பாட்டு. பழைய சுருதி இப்போது எனக்கு நன்றாகவே எட்டுகிறது, பள்ளியில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்க்கிறேன். ஆனாலும் அரைக்கட்டை இறக்கித்தான் வேண்டும். அன்றைக்கு நான் கேட்டது அது. முதலில் மைக்கில் நீங்கள் பேசுவீர்கள். பிறகு முன்னிசை வாசிப்பீர்கள். நான் உங்களிடமிருந்துதான் சுருதி எடுப்பேன். வேறு ஆளை வைத்து வாசித்தால் எனக்கு எதுவும் தீராது.

கல்பனா



கும்மிடிப்பூண்டி,
4 ஆகஸ்ட் 2025

கல்பனா,

வருகிறேன். நாலு கம்பியையும் அரைக்கட்டை தளர்த்திவிட்டேன். அந்தப் பாட்டுக்கு மட்டும் இந்தக் கிட்டார், மற்றதற்கெல்லாம் சர்ச்சிலிருந்து ஒன்று இரவல் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த அடி நோட்டு சரியான இடத்தில் விழுகிறது, முன்பைவிட நன்றாகவே அதிர்கிறது. இதைத்தான் அன்று செய்யச் சோம்பல்பட்டேன்.

தினமும் கம்பெனி விட்டு வந்து ஐம்பது தடவை வாசிக்கிறேன். வீட்டில் சரியாக வருகிறது. மைக்கில் பேசுவதை எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வாக்கியம்தான். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் போய்விடுகிறது.

ஜெரால்ட்



பொதட்டூர்பேட்டை,
11 ஆகஸ்ட் 2025

ஜெரால்ட் அண்ணனுக்கு,

அண்ணன் என்று எழுதிவிட்டேன். கைப்பழக்கம். அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாட்டு முடிந்ததும் நீங்கள் கிட்டாரை உறையில்கூடப் போடாமல் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டீர்கள். மீதிப் பாட்டுகளுக்கு அன்பு அண்ணன் இடது கையாலேயே பேஸையும் ஒப்பேற்றினார். நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

மைக்கில் நீங்கள் சொன்ன முதல் இரண்டு வாக்கியமும் ஊருக்குப் புரியவில்லை. "போன வருசம் பாட்டு கெட்டதுக்கு என் கிட்டாருதான் காரணம்" என்றீர்கள். பின்னாலிருந்து ஒருவர், "எந்தக் கிட்டாருபா?" என்றார். "சுருதி மாத்தி வாசிச்சிட்டேன்" என்றீர்கள். "சரி சரி, பாட்டப் போடு!" என்று கத்தினார்கள். வெட்கப்பட வந்தவருக்கு வெட்கப்படக்கூட இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாவதைச் சொன்னீர்கள். "புள்ள பெத்த ஒடம்பு, மூச்சு நிக்கலன்னு சொன்னவன் நான்தான். அது பொய்." அது புரிந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அப்படியே அடங்கிவிட்டது. காயத்ரி வீடியோ எடுக்கத் தூக்கியிருந்த செல்போனைக் கீழே இறக்கினாள். நீங்கள் தலையைக் குனிந்திருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பிறகு முன்னிசை. ரிதம் பேடில் தாளம் ஓட ஆரம்பித்தது. நீங்கள் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். விரல் கம்பி மேலேயே இருந்தது, அசையவில்லை. அன்பு அண்ணன் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு மைக்கை உங்கள் மேல் எறிந்திருப்பேன்.

எறியவில்லை. எட்டு பாரையும் எண்ணினேன். பதினாறு செகண்டு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒன்பதாவதில் பாடினேன். சுருதி கொடுக்க யாருமில்லை. முதல் வரி முழுக்க என் குரல் மட்டும்தான். இரண்டாவது வரியில் கீபோர்டு வந்து சேர்ந்தது. நான் சரியாக அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் சரணத்தில்தான் வந்தீர்கள். மெதுவாக வந்தீர்கள், சரியான இடத்தில் இருந்தீர்கள், கடைசி வரை இருந்தீர்கள். கேட்டது. மாமனார் நாற்காலியை விட்டு எழவில்லை. முடிந்ததும் யார் யாரோ வந்து இன்னொன்று பாடச் சொன்னார்கள். கமிட்டி ஒன்றுதான் கொடுத்தது என்றேன்.

நேற்று அன்பு அண்ணன் வந்திருந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்கு என்னைத் திரும்பக் கூப்பிட்டார், போவதாகச் சொல்லிவிட்டேன். உங்கள் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். உங்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று யோசித்தேன். கேட்கத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் பதினாறு செகண்டை நீங்கள் வேண்டுமென்றே எனக்கு விட்டுக்கொடுத்ததாக அன்பு அண்ணன் சொல்கிறார். "அவன் அவ்ளோ நாள் ஆசப்பட்ட எடத்த உனுக்கு வுட்டுக்குடுத்துட்டாம்மா" என்று கண் கலங்குகிறார். ஊரிலும் ஒருவர் இருவர் அப்படிப் பேசுகிறார்கள். அது உண்மையா? உண்மை என்றால் நான் உங்களைப் பற்றி நினைப்பதை எல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். யோசித்து எழுதுங்கள்.

கல்பனா



கும்மிடிப்பூண்டி,
16 ஆகஸ்ட் 2025

கல்பனாவுக்கு,

விட்டுக்கொடுக்கவில்லை. பயத்தில் கை வரவில்லை.

ஜெரால்ட்